வளர்ந்து வந்த ஆலயம்

முன்னுரை

நாஞ்சில் நாட்டின் பழம்பெரும் வணிகத் தலம் கோட்டாறு. கம்போளத்துக்குச் சரக்கு வாங்க வருவோரும், வேண்டுதலோடு வருவோரும் அறிந்த இடம் புனித சவேரியார் பேராலயம். அதன் வரலாற்றையும் அமைப்பையும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அறிந்த அளவில் இங்குத் தருகிறோம்.

வலிய பண்டாரம்

1506-இல் ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில் பிறந்த சவேரியார், 1542-இல் கோவா வந்து சேர்ந்தார். 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவரே கடிதத்தில் எழுதியுள்ளார். கோட்டாற்று மக்கள் அவரை 'வலிய பண்டாரம்' என்று அழைத்தனர். படகர் படையெடுத்து வந்தபோது அவர் சிலுவையை ஏந்தி எதிரே நின்று மக்களைக் காத்தார் என்றும், அதனால் மகிழ்ந்த வேணாட்டு மன்னர் உண்ணி கேரள வர்மா ஆலயம் கட்ட நிலம் அளித்தார் என்றும் மரபு கூறுகிறது. கிறிஸ்தவர் அல்லாத ஓர் அரசரின் கொடையில் எழுந்தது நம் ஆலயம் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆலயத்தின் வளர்ச்சி

சவேரியார் திருப்பலி நிறைவேற்றிய அன்னை மரியாவின் சிறு கோயில் 36 சதுர அடியே இருந்ததாக ஆலய வரலாறு குறிப்பிடுகிறது. ஆறடி நீளம், ஆறடி அகலம் என்று கொண்டால், எங்கள் வகுப்பு மாணவியர் அதில் முழந்தாளிடக்கூட இடம் போதாது! அவ்விடத்தில் 1600-இல் சவேரியார் பெயரால் ஆலயம் எழுந்தது. 1865-இல் அது புதுப்பித்து விரிவாக்கப்பட்டது. அன்னையின் கோயிலும் அப்போது புதுப்பிக்கப்பட்டது. 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது இது பேராலயமாக உயர்ந்தது. சவேரியார் இந்தியா வந்த நானூறாம் ஆண்டு நினைவாக 1942-இல் வளாகத்தில் ஒரு கோபுரம் எழுந்தது. 1955-இல் ஆலயம் மீண்டும் விரிவாக்கப்பட்டது. லூர்து அன்னையின் கெபியும் வளாகத்தில் உள்ளது.

ஆகவே இது ஒரே காலத்தில், ஒரே வரைபடத்தின்படி கட்டி முடித்த கட்டடம் அன்று. குடும்பம் பெருகப் பெருக அறை சேர்த்துக் கட்டும் வீட்டைப் போல வளர்ந்தது. ஆலயத்தை விரிவாக்க வேண்டுமானால் பழைய சுவர் ஒன்றை முதலில் பெயர்க்க வேண்டும் அல்லவா?

உள்ளே எழுந்த சுவர்

எல்லாச் சுவர்களும் அவ்வாறு விலகிவிடவில்லை. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்திருந்தனர். ஒரே பீடத்தை நோக்கி இரு கூடங்கள் இருந்ததால் அதனைக் 'கால்சட்டைக் கோயில்' என்றே சொல்வார்கள். 1910-இல் அத்தடுப்பு அகற்றப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் வழக்குத் தொடுத்தும் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

அதே வடக்கன்குளத்தில் 1745-இல் திருமுழுக்குப் பெற்றவர்தாம் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை என்னும் தேவசகாயம். அரண்மனை அலுவலராயிருந்தும் சாதி வேற்றுமை பாராது எல்லாருடனும் பழகினார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் நம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் கல்லறையருகே நின்று செபிக்கும் எவரும் சாதி பாராட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

முடிவுரை

ஆண்டுதோறும் டிசம்பர் 3-இல் நிறைவுறும் பத்து நாள் திருவிழாவுக்குப் பல சமயத்தாரும் வருகின்றனர். தேர்ப்பவனியைக் காணத் தெருவெங்கும் மக்கள் திரள்வர். மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை. வாசலில் யாரும் "நீ யார்?" என்று கேட்பதில்லை.

அன்புத் தோழியரே, ஆலயத்தை விரிவாக்கப் பொருளும் கொத்தனாரும் வேண்டும். நம் வகுப்பில் தனியே உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு நம் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் கொடுக்க இவை எதுவும் வேண்டியதில்லை. அதை நாம் இன்றே செய்யலாம்.