இரட்டைச் சிறுநீர்க்குழாய்: பிறவிக் குறையும் எந்திரக் கரச் சிகிச்சையும்

மனித உடலில் சிறுநீரகங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் இறங்கிச் சிறுநீர்ப்பையைச் சேரும் என்பது பள்ளிப் பாடம். ஆயினும், ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர் வீதம், ஒரு சிறுநீரகம் மேற்கூறு, கீழ்க்கூறு என இரு பகுதிகளாக அமைந்து, அவற்றிலிருந்து இரண்டு குழாய்கள் புறப்படுவதுண்டு. இதனை இரட்டைச் சிறுநீரகம் என்பர். இக்குறை பெண் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. இவ்வமைப்புடையோர் பலர் எவ்வித இன்னலுமின்றி வாழ்கின்றனர். அவர்களுக்குச் சிகிச்சையே வேண்டுவதில்லை. சிலருக்கு மட்டும் இது நோயாக மாறுகிறது. அச்சிலரைக் காலத்தே கண்டறிவதில், குறிப்பாக அந்தமான் நிக்கோபார் போன்ற தொலைதீவுகளில், செவிலியர்க்கும் ஆசிரியர்க்கும் பெரும் பங்குண்டு.

குறை தோன்றும் விதம்

கருவின் ஐந்தாம் வாரத்தில் ஒரு சிறு மொட்டு கிளம்பி, சிறுநீரகமாக வளரவிருக்கும் திசுவை நோக்கி நீள்கிறது. அம்மொட்டே பிற்காலத்தில் சிறுநீர்க்குழாயாகிறது. அது நடுவழியில் கிளைக்குமாயின், கவைக்கொம்பு போல், மேலே இரண்டாயும் கீழே ஒன்றாயும் குழாய் அமையும். இதனால் பெரும்பாலும் தீங்கில்லை. தொடக்கத்திலேயே இரண்டு மொட்டுகள் தோன்றுமாயின், இரு குழாய்களும் இறுதிவரை தனித்தனியே செல்லும்.

இவ்விரு குழாய்களும் திறக்கும் இடங்களுக்கு ஒரு விதி உண்டு. அதனை ஆராய்ந்தறிந்தோர் பெயரால் அது வைகர்ட்-மேயர் விதி எனப்படும். மேற்கூற்றிலிருந்து வரும் குழாய் கீழே திறக்கும். கீழ்க்கூற்றிலிருந்து வருவது அதற்கு மேலே, சற்றுப் புறத்தே திறக்கும். நோயின் இயல்பு இவ்விதியிலிருந்தே விளங்கும். கீழ்க்கூற்றின் குழாய் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் செல்லும் தூரம் குறைவு. ஆதலின் அடைப்பிதழ் போன்ற தடுப்பு வலுவிழந்து, சிறுநீர் மேனோக்கிப் பாயும். மேற்கூற்றின் குழாயோ முனையில் அடைபட்டு வீங்கலாம். அன்றிச் சிறுநீர்ப்பையைச் சேராமலே வேறிடத்தில் திறக்கலாம்.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள்

பெண் குழந்தைகளில் இக்குழாய் சிறுநீரை அடக்கும் தசைக்குக் கீழே திறப்பதுண்டு. அப்போது சிறுநீர் ஓயாது கசியும். மற்றைக் குழாய்கள் சிறுநீர்ப்பையை வழக்கம்போல் நிரப்புவதால், அச்சிறுமி உரிய நேரத்தில் சிறுநீர் கழிக்கவும் செய்வாள். முறையாகக் கழித்தும், இரவும் பகலும் உடை ஈரமாகவே இருத்தல் இக்குறையின் தலையாய அடையாளமாகும். படுக்கையை நனைக்கும் சாதாரணக் குழந்தைக்கு இடையிடையே உலர்ந்த நேரம் உண்டு. இச்சிறுமிக்கு அது இல்லை. ஆண் குழந்தைகளில் குழாய் எப்போதும் தசைக்கு மேலேயே திறப்பதால் இக்கசிவு நேர்வதில்லை.

வகுப்பில் இத்தகைய சிறுமியைச் சோம்பேறி என்றோ தூய்மையற்றவள் என்றோ கடிந்துகொள்வது பெருந்தவறு. அவள் எத்துணை முயன்றாலும் அக்கசிவை அடக்க இயலாது. ஆசிரியர் தாயைத் தனியே அழைத்து, சிறுநீர் கழித்தவுடன் உலர்ந்த உடை உடுத்தியபின் எவ்வளவு நேரத்தில் அது நனைகிறது எனப் பார்த்துவரச் சொல்லலாம். தண்டுவடக் குறை முதலிய பிற காரணங்களாலும் கசிவு ஏற்படலாம். ஆதலின் முடிவு கூறுதல் மருத்துவர் பொறுப்பு.

கைக்குழந்தைகளிடம் அடையாளம் வேறு. இருமலோ வயிற்றுப்போக்கோ இன்றிக் காய்ச்சல் வருதல், எடை ஏறாமை, வாந்தி ஆகியவை சிறுநீர்த் தொற்றினைக் குறிக்கலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்குமுன் சிறுநீரைச் சோதனைக்கு எடுத்தல் வேண்டும். தொற்று மீண்டும் மீண்டும் வருமாயின் சிறுநீரகத்தில் தழும்பு விழும். பிற்காலத்தில் இரத்த அழுத்தம் உயரவும் கூடும்.

ஸ்கேன் பரிசோதனையே முதற்படி. ஆயினும் மேற்கூறு மிகச் சிறியதாயின் ஸ்கேனில் புலப்படாது போகலாம். ஸ்கேன் சரியாயிருப்பினும் ஓயாத கசிவு தொடருமாயின், காந்த அதிர்வுப் படம் போன்ற மேற்பரிசோதனை தேவை.

சிகிச்சையும் எந்திரக் கரமும்

வேலை செய்யாத மேற்கூற்றை மட்டும் அகற்றலாம். வேலை செய்யுமாயின் அதன் குழாயைத் துணைக்குழாயுடன் இணைக்கலாம். அல்லது இரு குழாய்களையும் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்தலாம். இவை நுண்ணிய தையல் வேண்டும் பணிகள். எந்திரக் கரம் பயன்படுவது இங்கேதான். வயிற்றில் சில சிறு துளைகளிட்டு, அவற்றின் வழியே கருவிகள் செலுத்தப்படுகின்றன. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைக் கண்டு கருவிகளை இயக்குகிறார். அவை மணிக்கட்டுப்போல் வளையும், கைநடுக்கமும் நீக்கப்படுகிறது. எந்திரம் தானாக எதுவும் செய்வதில்லை.

டா வின்சி என்னும் இவ்வகை எந்திரத்திற்கு 2000இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் சிறுநீரகத் துறைக்கு இது 2006இல் வந்தது. தமிழக அரசு மருத்துவமனைகளில் முதன்முதலாகச் சென்னை ஓமந்தூரார் வளாகப் பன்னோக்கு மருத்துவமனையில் எந்திரக் கர அறுவைச் சிகிச்சை 2022இல் தொடங்கப்பெற்றது.

எந்திரத்தால் வலியும் தழும்பும் குறையும், செலவு மிகும். கைக்குழந்தையின் சிறு வயிற்றில் கருவிகளுக்கு இடமும் குறைவு. இதே சிகிச்சைகளைத் திறந்த முறையிலும் நன்கு செய்யலாம். ஆகவே எந்திரம் இல்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது.

தீவுகளில் செய்யத்தக்கன

அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் வடக்குத் தெற்காக எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் பரவியுள்ளன. கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனையும், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையும் உள்ளன. அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் அளவு பிடிக்கும். இத்தகைய பயணத்தை வீணாக மேற்கொள்வதும் தவறு. வேண்டியபோது தாமதிப்பதும் தவறு. 2020இல் சென்னையிலிருந்து இட்ட கடலடிக் கம்பிவடம் கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளை இணைக்கிறது. ஸ்கேன் படத்தை முன்னதாக அனுப்பி ஆலோசனை பெறுதல் இதனால் எளிதாகிறது.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வருதல் வேண்டும். எஞ்சிய நாட்களில் குழந்தையைக் காண்பவர் ஆசிரியரும் செவிலியருமே. காய்ச்சல் வந்த நாட்கள், சிறுநீர்ச் சோதனையின் முடிவு, உடை நனையும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக் குழந்தையுடன் அனுப்புதல் நன்று. கடலுக்கு அப்பாலுள்ள எந்திரத்தின் பயன் குழந்தையை வந்தடைவதற்கு அத்தாளே முதற்படியாகும்.