நேர்ச்சை வீடு என்று நம்பி வாங்கியது

நாகூர் தர்காவைச் சுற்றியுள்ள கடைகளில் வெள்ளித் தகடு விற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் ஏமாந்தேன் என்பது உடனே புரியும். கை, கால், கண், கப்பல், வீடு என்று ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஒரு தகடு. எங்கள் வீட்டு வேலை பாதியில் நின்றபோது உம்மா வீடு பொறித்த தகடு ஒன்றை வாங்கி நேர்ச்சை செலுத்தியது நினைவிருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து லண்டனில் ஓர் ஏலப் பட்டியலில் "பாரசீகம், 12–13ஆம் நூற்றாண்டு, நீலப்பச்சை மெருகிட்ட நேர்ச்சை வீடு" என்ற வரியைப் படித்ததும், புத்தி ஒதுங்கிக்கொண்டது. ஒரு மாதச் சம்பளம் போனது.

பொருள் என்னவோ அழகுதான். ஒரு சாண் நீளம். கூரையில்லாத நாலு சுவர், உள்ளே முற்றம், நடுவே சின்ன மேசையில் கிண்ணங்கள், அதைச் சுற்றி மூன்று பேர். ஒருவர் கையில் தப்பு மாதிரி ஏதோ இருக்கிறது. கச்சேரியும் விருந்துமாக இருக்கும் இந்த வீட்டை எந்த அடக்கஸ்தலத்தில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள் என்று வாங்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இந்த வகைப் பொருள்கள் பெரிய அருங்காட்சியகங்களிலும் உண்டு. அங்கே பெரும்பாலும் 'வீட்டு மாதிரி' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். கல்யாணப் பரிசாக இருக்கலாம், நவ்ரோஸ் பண்டிகைக்குக் கொடுத்ததாக இருக்கலாம் என்பதெல்லாம் ஊகம். நேர்ச்சை என்பதும் அதே தட்டில் வைக்க வேண்டிய ஊகம்தான். 'நான் நேர்ச்சைக்குச் செய்யப்பட்டவன்' என்று தானே எழுதிச் சொல்லும் வீடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. ஆனால் விற்பவருக்கு அந்தச் சொல் லாபம். வெறும் பொம்மையைவிட பக்திப் பொருளுக்கு விலை கூடும். அதனால் இப்போதெல்லாம் 'நேர்ச்சை', 'சடங்கு' என்ற சொல் கண்ணில் பட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி: எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எழுத்து இருக்கிறதா, கிடைத்த இடம் பதிவாகியிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு நான் காசு கொடுப்பதில்லை.

வாங்கி எட்டு மாதம் கழித்து, மண்பாண்டம் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் அறையை இருட்டாக்கி, புறஊதா விளக்கை அதன்மேல் காட்டினார். சுவர்கள் ஒரு நிறத்தில் மங்கிக் கிடக்க, இரண்டு ஆட்களும் ஒரு மூலையும் வேறு நிறத்தில் ஒளிர்ந்தன. அவை பின்னாளில் பிசினும் சாயமும் வைத்துப் பூசிய பகுதிகள். இரண்டு உருவங்களும் வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவை. விரல் நுனியால் தட்டிப் பார்த்தால் அந்த மூலை மட்டும் அடைத்த தொண்டை மாதிரி மந்தமாக ஒலித்தது. இதை ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளிலேயே செய்திருக்கலாம். பாக்கெட்டில் அடங்கும் விளக்குதான், கேட்டால் அனுமதிப்பார்கள். அனுமதிக்காத இடத்தில் வாங்காதீர்கள்.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மெருகு படாத இடத்திலோ உடைந்த விளிம்பிலோ சதை தெரியும். அந்தக் காலத்துப் பாரசீகத் தரமான பாண்டம் செம்மண் அல்ல. காஷான் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் 1301இல் எழுதிவைத்த கலவைக் குறிப்பு இருக்கிறது: அரைத்த படிகக்கல் 10 பங்கு, கண்ணாடித் தூள் 1 பங்கு, வெள்ளைக் களிமண் 1 பங்கு. உடைந்த இடம் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் வெளுப்பாக, நறநறவென்று இருக்கும். நீலப்பச்சை நிறம், காரம் மிகுந்த மெருகில் தாமிரம் கலந்து வருவது. பல நூற்றாண்டு ஈர மண்ணில் புதைந்து கிடந்தால் அந்த மெருகிலிருந்து காரம் கசிந்து, மேற்பரப்பு ஏடு ஏடாகி, புறாக் கழுத்துபோல் மினுங்கும். இந்த மினுக்கு மேல் நகம் பட்டாலே உரியும். தயவுசெய்து தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், துணியால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பழைய சாந்து ஒட்டு இருந்தால் அதுவும் கழன்று கையோடு வரும்.

ஆய்வுக்கூடச் சான்றிதழ் இருக்கிறது என்று காட்டுவார்கள். வெப்ப ஒளிர்வு முறை, துளையிட்டு மாவு எடுத்த இடம் கடைசியாகச் சூளையில் எப்போது வெந்தது என்பதைத்தான் சொல்லும். துளையை அசல் சுவரில் போட்டால் சான்றிதழ் அசலாகத்தான் வரும். ஒட்டிய ஆள்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. எந்த இடத்தில் துளையிட்டார்கள் என்ற படத்தைக் கேளுங்கள்.

உண்மையாகவே ஒரு புனித இடத்துக்காகச் செய்த மெருகுப் பண்டம் கைக்கு வந்தால்தான் இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டும். ஈரானின் வராமீன் ஊரிலுள்ள இமாம்சாதா யஹ்யா அடக்கஸ்தலத்துச் சுவரில் 1262ஆம் ஆண்டுக் குறிப்போடு பொன்மினுக்கு ஓடுகள் இருந்தன. அதே இடத்து மிஹ்ராபை, அதாவது தொழுகைத் திசை காட்டும் மாடத்தை, அபுல் காசிமின் குடும்பத்தைச் சேர்ந்த அலீ இப்னு முஹம்மத் 1265இல் செய்தார். இன்று அந்த மிஹ்ராப் ஹொனலூலுவில் இருக்கிறது. ஓடுகள் உலகெங்கும் பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. எட்டுமுனை நட்சத்திர ஓடு ஒன்று விலைக்கு வந்தால், அது ஏதோ ஒரு சுவரிலிருந்து பெயர்த்தெடுத்ததாக இருக்கலாம் என்ற நினைப்போடுதான் கையில் எடுக்க வேண்டும். நேர்ச்சை என்பது பொய்யானால் நமக்குப் பண நட்டம். மெய்யானால் நட்டம் வேறு யாருக்கோ.

ஆகவே காகிதம். எந்த ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு, பழைய ஏலப் பட்டியல், படம், ரசீது. தொல்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்பாடு வந்த 1970க்கு முன்பே பொருள் நாடுவிட்டு வந்ததற்கு ஆதாரம் இருந்தால் ஓரளவு நிம்மதி. சீட்டில் 'சிரியா' என்றோ அந்நாட்டு நகரமான 'ரக்கா' என்றோ எழுதியிருந்தால் இன்னும் கறாராக இருங்கள்; சிரியாவிலிருந்து களவாடிய தொல்பொருள் வணிகத்தை 2015இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2199ஆம் தீர்மானம் தடைசெய்தது. "பழைய ஐரோப்பியச் சேகரிப்பு" என்ற மூன்று சொல் காகிதமாகாது. என் வீட்டுக்கு அந்த மூன்று சொல்தான் இருந்தது.

அதை நான் விற்கவில்லை. தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. பழைய சீட்டைக் கிழித்துவிட்டு நானே புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: "வீட்டு மாதிரி. பாரசீகமாக இருக்கலாம். பயன்பாடு தெரியாது. மூன்று உருவங்களில் இரண்டு பின்னாளில் சேர்த்தவை. 1970க்கு முந்தைய வரலாறு கிடைக்கவில்லை."