துப்பறியும் ஆட்டமும் பழைய நினைவும்

ஒளித்து வைத்ததைத் தேடிக் கண்டுபிடிப்பதில் மனிதன் காணும் இன்பம் மிகப் பழையது. கண்ணாமூச்சி ஆடாத குழந்தை இல்லை. விடுகதை போடாத பாட்டி இல்லை. அந்த இன்பத்தையே வளர்ந்தவர்கள் துப்பறியும் கதைகளில் நாடுகின்றனர். ஏட்டிலே படித்த கதை வானொலிக்கு வந்தது. பிறகு தொலைக்காட்சிக்கு வந்தது. இன்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஆட்டமாகவும் வந்திருக்கிறது. பழைய தொலைக்காட்சித் தொடர்களை நினைந்து ஏங்குவோர், அவற்றை ஆட்டமாக்கி மீண்டும் அந்த மாலைப் பொழுதுகளில் வாழ விரும்புகின்றனர். இந்த ஏக்கத்தில் கொள்ளத் தக்கது எது, தள்ளத் தக்கது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்குவோம். 'ராஜா ராணி' ஆட்டம் ஆடாதவர் நம்முள் யார்? சிறு சீட்டுகளில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி, மடித்துக் குலுக்கிப் போடுவோம். ஆளுக்கு ஒன்றை எடுப்போம். போலீஸ் சீட்டு வந்தவன் எழுந்து, திருடன் யார் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மதிப்பெண் அவனுக்கு, தவறினால் திருடனுக்கு. சித்தூரிலும் திருப்பதியிலும் நம் தெலுங்கு நண்பர்கள் திருடனைத் 'தொங்க' என்பார்கள். பெயர் வேறு, ஆட்டம் ஒன்றே. இந்த ஆட்டத்தில் துப்பு என்பது ஒன்றும் கிடையாது. முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

முகத்தை விட்டு அறிவை நம்பிய ஆட்டம் ஒன்று இங்கிலாந்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த அந்தோணி பிராட் என்பவர் அதை உருவாக்கினார். 1949ஆம் ஆண்டில் 'க்ளூடோ' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஐயத்திற்கு உரியவர் அறுவர், கருவிகள் ஆறு, அறைகள் ஒன்பது. பெருக்கிப் பார்த்தால் 324 விடைகள் வருகின்றன. அவற்றுள் ஒன்றே உறைக்குள் மறைந்திருக்கிறது. 'இவர் அல்லர், இது அன்று' என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் எஞ்சுவது உண்மை. நீக்கி அறிதல் என்னும் தருக்க முறையை இதைவிட எளிதாகக் கற்பிக்கும் ஆசிரியர் அரியர்.

அமெரிக்காவில் தொலைக்காட்சி பரவியபோது, தொடர்களின் பெயரைத் தாங்கிய ஆட்டங்கள் கடைக்கு வந்தன. 1951இல் தொலைக்காட்சியில் தொடங்கிய 'டிராக்நெட்', 1957 முதல் 1966 வரை நடந்த 'பெர்ரி மேசன்', 1970களில் புகழ்பெற்ற 'கொலம்போ' ஆகிய தொடர்கள் எல்லாம் அட்டைப் பெட்டிக்குள் அடைந்து வீடுகளுக்குச் சென்றன. பார்த்து மகிழ்ந்ததைத் தாமே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு அவை சான்று.

1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' புதிய வழி ஒன்றைத் திறந்தது. இது வேடமேற்று ஆடும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்று வாயால் சொல்லி ஆடுவர். செயல் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். ஆனால் துப்பறியும் கதையை இவ்வாறு ஆடும்போது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. பகடை சரியாக விழாவிட்டால் துப்பு கிடைக்காது. துப்பு கிடைக்காவிட்டால் கதை நின்றுவிடும். இதற்கு ராபின் லாஸ் என்னும் ஆட்ட ஆசிரியர் 'கம்ஷூ' என்ற தம் முறையில் விடை கண்டார். தேட வேண்டிய இடத்தில் தேடியவருக்கு இன்றியமையாத துப்பு கட்டாயம் கிடைக்கும். அதன் பொருளை உணர்வதே ஆடுவோரின் வேலை என்று விதி செய்தார். அரிய கருத்து இது. துப்பு எல்லார் கண்ணிலும் படுகிறது. பொருள் சிலர் கருத்திலேயே படுகிறது.

பழைய தொடர்களின் மீதுள்ள ஏக்கமே வடிவெடுத்து வந்த ஆட்டமும் உண்டு. 1984 முதல் 1996 வரை ஒளிபரப்பான 'மர்டர் ஷி ரோட்' தொடரில், கதை எழுதும் முதிய பெண்மணி ஒருவர் கொலை வழக்குகளைத் துலக்குவார். அதை நினைந்து ஜேசன் கார்டோவா அண்மைக் காலத்தில் 'பிரிண்டில்வுட் பே' என்னும் ஆட்டத்தை எழுதினார். ஆடுவோர் அனைவரும் மூதாட்டியராக வேடம் ஏற்க வேண்டும். வியப்பு என்னவென்றால், குற்றவாளி யார் என்பது கதை நடத்துவோருக்கே தெரியாது. ஆடுவோர் துப்புகளைச் சேர்த்துக் கூடிப் பேசி ஒரு முடிவைக் கூறுவர். பிறகு பகடையை உருட்டுவர். கைவசம் துப்பு மிகுந்தால் அவர்கள் முடிவு உண்மையாகும் வாய்ப்பும் மிகும்.

இனி நம் நாட்டுத் தொடர்களைப் பார்ப்போம். தூர்தர்ஷனில் 1985இல் வந்த 'கரம்சந்த்' காரட்டைக் கடித்துக்கொண்டே துப்பறிந்தார். 1993இல் பாசு சாட்டர்ஜி இயக்கிய 'பியோம்கேஷ் பக்ஷி' வந்தது. சரதிந்து பந்தோபாத்தியாயர் படைத்த அந்தப் பாத்திரம் தன்னைத் துப்பறிவாளன் என்று சொல்லிக்கொள்வதில்லை. 'சத்தியத்தைத் தேடுபவன்' என்றே சொல்லிக்கொள்கிறது. 1990களில் தமிழில் நாகா இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் வந்த 'மர்மதேசம்' தொடரை மறந்தவர் யார்? 'விடாது கருப்பு' ஒளிபரப்பான இரவுகளில் தனியே கொல்லைப்புறம் போக அஞ்சியதாக என் அக்காள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள். 1998இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்து, 2024 இறுதியில் மீண்டும் வந்த 'சி.ஐ.டி.' தொடரும் உண்டு. அதில் தயா கதவை உடைப்பதை நடித்துக் காட்டாத விடுதி அறை இல்லை.

தேவன் படைத்த துப்பறியும் சாம்புவையும் இங்கே கூற வேண்டும். சாம்பு அறிவால் வென்றவர் அல்லர், தற்செயலால் வென்றவர். எப்படி உருட்டினாலும் அவருக்குத் தாயம் விழும். பியோம்கேஷ் துப்பின் பிள்ளை. சாம்பு பகடையின் பிள்ளை. மேசை ஆட்டத்திற்கு இருவரும் வேண்டும் என்பது என் துணிபு.

இவ்வளவும் படித்தறிந்த பிறகு, எங்கள் விடுதி அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்களும் ஆடத் துணிந்தோம். தமிழர் மூவர், தெலுங்கர் இருவர். கதை நடத்தும் பொறுப்பு எனக்கு. சித்தூர் தோதாபுரி மாம்பழத்திற்குப் பெயர்போன ஊராதலால், ஒரு மாங்காய் மண்டியில் பணப்பெட்டி களவு போனதாகக் கதை அமைத்தேன். முதலாளி, கணக்கர், லாரி ஓட்டுநர், காவலாளி, சுமை தூக்குபவர் என்று ஐவருக்கும் தனித்தனிச் சீட்டு எழுதினேன். கதையில் ஊர் மணம் கமழட்டும் என்று எண்ணி, சுமை தூக்குபவர் சீட்டில் 'எருக்கல குடும்பத்தைச் சேர்ந்தவர்' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எழுதியவன் நானே.

ஆட்டம் தொடங்கியது. பூட்டு உடையவில்லை என்ற முதல் துப்பைக் கூறினேன். அதற்குள் மூவர் சுமை தூக்குபவரையே குற்றவாளி என்றனர். "பிடித்து நாலு அறை விட்டால் தானே சொல்லிவிடுவான்" என்றார் ஒருவர், தொடரில் வருகின்ற குரலிலேயே. எல்லாரும் சிரித்தோம். தெலுங்கு நண்பர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. விளக்கணைக்கும் நேரத்தில் என்னிடம் மெல்லச் சொன்னார்: "எங்கள் தாத்தாவின் அப்பா ஒரு குற்றமும் செய்யாதவர். ஆனாலும் இரவு தோறும் காவல் நிலையத்தில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரவேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள்." எனக்கு நா எழவில்லை.

அவர் சொன்னது வரலாறு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் பிறந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் பரவியது. பிறப்பினாலேயே மக்களைக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது அந்தச் சட்டம். எருக்கலர், குறவர் முதலியோர் அதன் பிடியில் சிக்கினர். அந்நாளில் சித்தூரும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததே. மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. திண்ணை ஆட்டத்தில் திருடன் சீட்டு ஒரு சுற்றோடு முடிந்துவிடும். அடுத்த சுற்றில் அதே கைக்கு ராஜா சீட்டு வரலாம். அவர்கள் கையிலோ அந்தச் சீட்டு தலைமுறை தலைமுறையாகத் தங்கியது.

அறைந்து உண்மையை வாங்குவதும் அத்தகையதே. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்திற்குச் சான்றாக நிறுவக் கூடாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவே கூறியது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டமும் 23ஆம் பிரிவில் அதையே கூறுகிறது. அடிக்குப் பயந்து வரும் சொல் உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்நிய ஆட்சியின் சட்டமே அறிந்திருந்தது. நம் மேசை அதை மறக்கலாமா?

அடுத்த வாரம் அதே கதையை மீண்டும் ஆடினோம். மூன்று விதிகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டோம். ஒன்று, சீட்டில் ஒருவரது தொழிலும் செயலும் இருக்கலாம். குலம் இருக்கக் கூடாது. இரண்டு, துப்பு இரண்டேனும் காட்டாமல் எவர் பெயரையும் சொல்லக் கூடாது. மூன்று, அடித்து வாங்கிய ஒப்புதல் செல்லாது. இம்முறை ஆட்டம் விரைவில் முடியவில்லை. அதனால் சுவை கூடிற்று. முதல் வாரம் சிரிக்காத நண்பரே, "மாங்கூழ் ஆலையின் வாயிற் பதிவேட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். களவு நடந்த நேரத்தில் சுமை தூக்குபவர் லாரியோடு ஆலை வாயிலில் நின்றிருந்தார் என்பது அதில் பதிவாகியிருந்தது. அடுத்துக் கணக்கேட்டைக் கேட்டனர். இரண்டு எடைச் சீட்டுகளின் எண்கள் விடுபட்டிருந்தன. பூட்டு உடையாததும் எண்கள் விடுபட்டதும் சேர்ந்து, சாவி வைத்திருந்த கணக்கரைக் காட்டின. தெலுங்கும் தமிழும் கலந்து எழுந்த ஆரவாரத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டனர்.

பழைய தொடர்களை நினைந்து ஏங்குவது தவறன்று. முதலில் ஐயத்திற்கு ஆளானவன் பெரும்பாலும் குற்றமற்றவனாகவே இருப்பான் என்று அவை நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டின. அந்தப் பொறுமையை எடுத்துக்கொள்வோம், அறையை விட்டுவிடுவோம். சிறுவயதில் முகத்தைப் பார்த்துத் திருடனைச் சொன்னோம். இப்போது பல்கலைக்கழகத்தில் பயில்கிறோம். துப்பைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொள்வோம்.