பேசாமல் இருந்துவிடலாமே என்கிறீர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

ஒருவர் பல வருடம் உழைத்து எழுதிய நாவலை நாலு பக்கத்தில் குறை சொல்லலாமா, பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருந்துவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பரிவு புரிகிறது. ஆனால் பேசாமல் இருப்பதை அந்த எழுத்தாளருக்குச் செய்யும் மரியாதையாக என்னால் நினைக்க முடியவில்லை.

தமிழில் இப்படி வெளிப்படையாகக் குறை சொல்வது பழைய வழக்கு. ஊரே கொண்டாடிய கல்கியின் நாவல்களை உயர்ந்த இலக்கியமாக ஏற்க விமர்சகர் க.நா.சு. மறுத்தார். அதற்காக வாங்கிய வசை கொஞ்சமல்ல. ஆனால் அப்படி மறுக்கத் தெரிந்தவர் என்பதால்தான், எழுத்தாளர் மௌனியைப் படியுங்கள் என்று அவர் சொன்னபோது அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது. வந்த புத்தகத்தையெல்லாம் அருமை என்பவர் சொல்லியிருந்தால் மௌனியை யார் தேடிப் போயிருப்பார்கள்?

க.நா.சு.விடம் தீர்ப்பு உண்டு, பட்டியல் உண்டு. காரணம் பல நேரம் இராது. அங்கேதான் இன்னொரு விமர்சகரான சி.சு.செல்லப்பா முரண்பட்டார். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, படைப்பைப் பிரித்துப் பார்த்துச் சொல்லும் அலசல் விமர்சனம் வேண்டும் என்றார். இதில் நான் செல்லப்பா கட்சி. எந்த இடத்தில் பாத்திரம் ஆசிரியரின் குரலில் பேசத் தொடங்குகிறது, எங்கே உரையாடல் பிரசங்கமாகிறது என்று சுட்டிக்காட்டினால், இல்லை என்று நீங்கள் மறுக்கலாம். ‘அற்புதம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு யார் வாதாடுவது?

அகிலனின் ‘சித்திரப்பாவை’ நாவலுக்கு 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது கிடைத்தது. தமிழுக்கு அதுதான் முதல் ஞானபீடம். எல்லாரும் வாழ்த்திக்கொண்டிருந்தபோது எழுத்தாளர் சுந்தர ராமசாமி கடுமையாக எதிர்த்து எழுதினார். பண்பில்லை என்று சொன்னால் சொல்லலாம். ஆனால் பிற மொழிக்காரர்கள் தமிழ் நாவலின் உச்சம் இதுதான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அன்றைக்குச் சொல்லாமல் என்றைக்குச் சொல்வது?

முதல் புத்தகம் போட்டிருக்கும் இளைஞரிடம் இந்தக் கடுமை தேவையில்லை. விருதும் செல்வாக்கும் உள்ளவரிடம்தான் தேவை. நீங்கள் குறிப்பிடும் நாவலாசிரியர் அந்த இடத்தில் இருப்பவர். அவருடைய முந்தைய மூன்று நாவல்களையும் விரும்பிப் படித்தவன் நான். அதே கையிலிருந்து இது வந்ததே என்ற ஆதங்கத்தில்தான் எழுதினேன்.

பின்பாதியில் கதை நகரவில்லை என்றேன். நீங்கள் அப்படி நினைக்காவிட்டால், எந்த அத்தியாயத்தை நான் சரியாகப் படிக்கவில்லை என்று விரிவாக எழுதுங்கள். அடுத்த இதழில் ஒரு வரிகூட வெட்டாமல் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மதிப்புரையாளன்