மேசைத்திரை வராத லினக்ஸும் ஃபார்மேட் என்னும் அவசரமும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. புது மடிக்கணினி வாங்க வசதியில்லாத மாணவர் சிலர் பழைய கணினியில் உபுண்டு, டெபியன், மிண்ட் என்று லினக்ஸை நிறுவிப் பார்க்கின்றனர். நிறுவியபின், அல்லது ஒரு மேம்பாட்டுக்குப்பின் கணினியைத் திறந்தால் படங்களும் இல்லை, சுட்டியும் இல்லை. கறுப்புத் திரையில் 'லாகின்' என்ற சொல்லும் சிமிட்டும் சிறு கோடும் மட்டுமே. கணினி செத்துவிட்டது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

உண்மையில் அது சாகவில்லை. தோட்டத்துப் பெரட்டைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். விடியுமுன் கிராணி பெயர் கூப்பிடுவார். வந்தவர் நிரைக்குப் போவார். வராதவர் செக்ரோலில் குறிக்கப்படுவார். உபுண்டுவிலும் டெபியனிலும் 2015 முதல் அந்தக் கிராணி வேலையைச் செய்வது 'சிஸ்டம்டி' என்னும் நிரல். 'லாகின்' தெரிகிறதென்றால் கெர்னல் வந்துவிட்டது, வன்தட்டு வந்துவிட்டது. வரைகலைத் திரையைக் காட்டும் ஆள் ஒருவர்தான் வரவில்லை. அதற்காகத் தோட்டத்தையே கொளுத்துவார்களா?

'லாகின்'கூட இல்லாமல் வெறும் கறுப்பாக இருந்தால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பயனர் பெயரையும் மறைச்சொல்லையும் கொடுங்கள். மறைச்சொல்லைத் தட்டும்போது ஒரு புள்ளிகூடத் தோன்றாது, விசைப்பலகை கெட்டுவிடவில்லை.

உள்ளே நுழைந்ததும் பழுதைத் தேடாதீர்கள். முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். சென்ற ஆண்டு என் கணினி இப்படி நின்றபோது, பீடோங் பக்கத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டி பேசிய ஒலிப்பதிவுகள் அதில் இருந்தன. பாட்டி இப்போது இல்லை. பட்டணத்துக் கடையொன்றில், "ஃபார்மேட் பண்ணா சரியாயிடும், 50 வெள்ளி" என்றார்கள். கணினி சரியாகியிருக்கும்தான், பாட்டியின் குரல் போயிருக்கும்.

இனிக் கட்டளைகளை ஒலிப்பின்படி தருகிறேன். ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். 'எல்எஸ்பிஎல்கே' வட்டுகளைப் பட்டியலிடும். கொள்ளளவைப் பார்த்து விரலியை அடையாளம் காணலாம். 'சூடோ மவுண்ட்' கட்டளையால் அதை 'எம்என்டி' அடைவில் இணைத்து, 'சூடோ சிபி -ஆர்' கட்டளையால் உங்கள் அடைவை முழுமையாகப் படியெடுங்கள். கழற்றுமுன் 'சூடோ யூமவுண்ட்' கொடுக்கவேண்டும். 'அன்மவுண்ட்' என்று தட்டினால் ஏற்காது. 'யூ'வுக்குப் பின் 'என்' எழுத்து கிடையாது.

இங்கே நம்மவர்க்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். தமிழில் பெயரிட்ட கோப்புகள் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரியும். லினக்ஸின் எழுத்துத் திரை ஒரே நேரத்தில் 512 எழுத்துருவங்களுக்குமேல் தாங்காது. கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்க்கவும் அதற்குத் தெரியாது. பெயரோ வட்டில் யூனிகோடில் பத்திரமாக இருக்கிறது. குப்பை என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். அடைவை முழுமையாகப் படியெடுக்கச் சொன்னதும் இதனால்தான்.

இனிப் பழுதைத் தேடலாம். 'டிஎஃப் -எச்' என்று தட்டுங்கள். வட்டு 100% நிரம்பியிருந்தால் வரைகலைத் திரை தொடங்க இடமிருக்காது. 'சூடோ ஏபிடி கிளீன்' பதிவிறக்கி வைத்த பழைய பொதிகளை நீக்கும். அடுத்து, 'சிஸ்டம்' என்பதோடு சி, டி, எல் சேர்த்து, இடைவெளி விட்டு 'கெட்-டிஃபால்ட்' என்று கேளுங்கள். 'மல்டி-யூசர்' என்று பதில் வந்தால், வரைகலையைக் கூப்பிடும்படி கிராணியிடம் யாரும் சொல்லவேயில்லை. 'கெட்' என்பதைச் 'செட்' ஆக்கி, முன்னால் 'சூடோ'வும் இறுதியில் 'கிராஃபிக்கல்.டார்கெட்'டும் சேர்த்தால் போதும். சர்வர் பதிப்பை நிறுவியிருந்தால் கதை வேறு: அதில் மேசைத்திரை மென்பொருளே இராது, தனியாக நிறுவவேண்டும். அதே கட்டளையை '--ஃபெயில்ட்' என்று முடித்தால் பெரட்டுக்கு வந்து தோற்றவர் பட்டியல் கிடைக்கும்.

என் கணினியில் அகப்பட்டது என்விடியா இயக்கி. கெர்னல் புதிதாகியிருந்தது, இயக்கி அதனோடு ஒட்டவில்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்ததும் திரை வந்துவிட்டது. பழைய கெர்னல் இல்லாதவர்கள் அதே பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' சேர்த்து, எஃப்10 அழுத்திப் பார்க்கலாம். அது அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. பிறகு இயக்கியை மறுபடியும் நிறுவவேண்டும். அதற்கு இணையம் தேவை. வைஃபை கிடைக்காவிட்டால் கைப்பேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து டெதரிங்கைத் திறந்துவிடுங்கள்.