கால் ஊன்றாதே

கஹவத்தையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மழைக்காலத்தில் ஓடையைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போவோம். "ஒரு காலை நல்லா ஊன்றிக்கிட்டு மத்த காலை எடு" என்று அப்பா கையைப் பிடித்துக் கற்றுத்தந்தார். வே கங்கையில் குளிக்கும்போதும் அதே பாடம்தான். இருபத்தாறு வயதில் கித்துல்கலையில் களனி கங்கையில் விழுந்தபோது, அந்தப் பழக்கமே என்னைக் கொல்லப் பார்த்தது.

பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை என்று பஸ் மாறி, ஆற்றோட்டத்தில் ரப்பர் படகு ஓட்டப் போயிருந்தோம். படகு பக்கவாட்டில் ஒரு பாறையில் மோதியது. பயத்தில் நான் பாறையை விட்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கினேன். செய்யவே கூடாதது அது. பாறைப் பக்கமே எல்லாரும் பாய வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளம் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து ஆறு படகுக்குள் ஏறிவிடும். ஏறியது. விழுந்தேன்.

தண்ணீர் இடுப்பளவுதான். எழுந்து நின்றேன். கால் இரண்டு கற்களுக்கு நடுவே இறங்கியது. முதுகில் ஆறு தள்ள, முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. அப்படி மடங்கியவனை உயிர்காப்பு அங்கி தூக்காது. சப்பாத்து கழன்றதால் கால் வந்தது. "கக்குல் உடட்ட, மல்லி!" என்று வழிகாட்டி கத்தியது அப்போதுதான் காதில் விழுந்தது. காலை மேலே தூக்கு, தம்பி.

ஆற்றில் விழுந்தால் மல்லாந்து படுங்கள். கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே, ஆறு போகும் திசையில் இருக்கட்டும். பாறை வந்தால் பாதத்தால் உதைக்கலாம். ஓட்டம் அடங்கி, முழங்காலளவுத் தண்ணீர் வரும்வரை எழும்பவே வேண்டாம். கரையிலிருந்து கயிற்றுப் பையை வீசினால், பையை அல்ல, கயிற்றைத்தான் பிடிக்க வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஆப்பிரிக்காவின் சாம்பேசி போன்ற பேராற்றில் ஆழம் அதிகம், அலை ஆளை நெடுநேரம் அமுக்கும். நம் களனியில் ஆபத்து அடியில் கிடக்கும் கல்லில்.

துடுப்பின் மேல்முனைப் பிடியிலிருந்து கையை எடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரின் பல் போகும். தனியாள் படகான கயாக்கில் ஏற ஆசைப்பட்டால், கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியே வருவதை முதலில் அமைதியான தண்ணீரில் பழகுங்கள். நான் ஒரு மாதம் பழகினேன்.

இன்னொன்று. இந்த ஆறு கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து வருவது. மேலே காசல்ரீ, மவுசாக்கலை அணைகள் இருக்கின்றன. அங்கே மழை பெய்து அணை திறந்தால், கித்துல்கலையில் வெயில் அடிக்கும்போதே ஆறு உயரலாம். தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள்.

நம் ஆட்களுக்கு அந்த அணைகள் இருக்கும் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் யாராவது உறவு இருக்கும். புறப்படும் காலையில் ஒரு போன் போட்டு மழையைக் கேளுங்கள். கொட்டுகிறது என்றால், கட்டிய காசு போனாலும் பரவாயில்லை, ஆற்றில் இறங்காதீர்கள்.