கவாத்துக்குப் பிறை பார்க்கணுமா?

கார்த்திகை பிறந்ததும் விளாங்குடிப் பக்கம் மல்லிகைச் செடி வைத்திருப்பவர்கள் கத்தரிக்கோலோடு நாள்காட்டியையும் எடுப்பார்கள். "வளர்பிறையில வெட்டாதப்பா, தேய்பிறை வரட்டும்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் செடி பங்குனியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதனால் அவரோடு வாதாட எனக்கு வாய் வருவதில்லை.

ஆனால் பூப்பது பிறையாலா? மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பனிக்காலத்தில் பூ குறைந்துவிடும்; மார்கழியில் மல்லி விலை எகிறுவது அதனால்தான். அந்த ஓய்வில் வெட்டினால், வெயில் ஏறும்போது புதுத்தளிர் விட்டு மொட்டு வைக்கும். அக்கா கார்த்திகையைத் தவறவிடுவதில்லை, அவ்வளவுதான் ரகசியம்.

நிலா கடலை இழுப்பதுபோல மண்ணின் ஈரத்தையும் இழுக்கிறது, அதனால் வளர்பிறையில் விதைத்தால் சட்டென்று முளைக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடல் ஏற்றம் பௌர்ணமிக்கு எவ்வளவு பெரிதோ, அமாவாசைக்கும் அவ்வளவு பெரிது. இழுவைதான் காரணமென்றால் ஒன்றை விதைப்புக்கும் மற்றொன்றை வெட்டுக்கும் ஒதுக்க வழியில்லை. கடல் பொங்குவதும் அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடப்பதால். கண்மாயிலேயே ஏற்ற இறக்கம் தெரியாதபோது மாடித்தோட்டத்துப் பையில் என்ன தெரியும்? வெளிச்சமும் அப்படியே: முழுநிலா ஏறக்குறைய கால் லக்ஸ், உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். செடிகள் மீது நிலாவின் தாக்கம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், பிறை பார்த்துப் பயிர் செய்வதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2020இல் எழுதினார்கள்.

கிழங்குக்குக் கீழ்நோக்கு நாள் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பிறைக் கணக்கே அல்ல, நட்சத்திரக் கணக்கு. பரணியும் மூலமும் வளர்பிறையிலும் வரும், தேய்பிறையிலும் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மண்வெட்டி எடுக்க மாதத்தில் சில நாள்தான் மிஞ்சும்.

நிலாவுக்குத் தோட்டத்தில் நிஜமாகவே ஒரு பங்கு உண்டு. பௌர்ணமியை ஒட்டி விளக்குப்பொறியில் அந்துப்பூச்சி குறைவாக விழும். நிலா வெளிச்சத்தில் விளக்கு எடுபடாது. பூச்சி ஒழிந்தது என்று அப்போது அசந்துவிடக் கூடாது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்றார்களே, அந்த ஆடி சூரிய மாதம். பட்டம் என்பதே வெயிலையும் மழையையும் வைத்துப் போட்ட கணக்கு. ஆடியில் கத்தரி விதை போட்டால் 30, 35 நாளில் நாற்று தயார். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். அதைப் பிறைக்காக இன்னும் இரண்டு வாரம் நாற்றங்காலில் நிறுத்தினால் முற்றிப்போகும், நட்ட பிறகும் தேறுவது சிரமம்.

மல்லிக்கு அக்கா சொல்கிறபடியே தேய்பிறை பாருங்கள், கார்த்திகை தாண்டாதவரை நஷ்டமில்லை. கத்தரி நாற்றை மட்டும் காக்க வைக்காதீர்கள். தயாரான அன்றே, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.